இரவு ஹயர் ஓடும் கணவர்: சாவியைத் திருப்புமுன் தீர்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். கணவர் பதினான்கு வருடமாக வான் வைத்து ஹயர் ஓடுகிறார். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் இரவில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போய், உடனேயே திரும்பி வருவார். வீட்டில் அதிர்ந்து பேசாத மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஆளே வேறு. பஸ்ஸோடு போட்டி, ஹோர்ன், ஏச்சு. சொன்னால், "இவ்வளவு காலத்தில ஒரு கீறல் பட்டதா?" என்கிறார். எப்படிப் புரியவைப்பது? நானும் கூடப் போனால் உதவுமா?

பதில்: உங்கள் கணவர் திறமையான சாரதி என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வாதாடினால் தோற்றுப்போவீர்கள்; பிரச்சினையும் அங்கே இல்லை. 1990இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் குழுவினரும் சாரதிகளின் பிழையான நடத்தைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். கவனம் சிதறுவது, கணக்குத் தப்புவது ஒரு வகை. தெரிந்துகொண்டே வேகமாகப் போவது, ஒட்டிப் போவது, வளைவில் முந்துவது இன்னொரு வகை. பின்னர் வந்த ஆய்வுகளில் விபத்தோடு கூடுதலாகத் தொடர்புபட்டது இந்த இரண்டாவது வகைதான். பயிற்சி கூடக்கூட முதலாவது குறையலாம். இரண்டாவது குறையாது, ஏனென்றால் அது தெரியாமல் செய்வதல்ல.

"ஒரு கீறலும் இல்லை" என்ற பேச்சு பொய்யல்ல. ஆனால் வளைவில் முந்தி, எதிரே ஒன்றும் வராமல் தப்பும் ஒவ்வொரு தடவையும் மனம் 'இது சரிவரும்' என்று படித்துக்கொள்கிறது. அன்று எதிரே லொறி வராதது திறமையால் அல்ல என்பதை மனம் கணக்கில் எடுப்பதில்லை. 1981இல் சுவீடனின் ஓலா ஸ்வென்சன் சாரதிகளிடம் கேட்டபோது, அமெரிக்கர்களில் 93 வீதமானோர் தாங்கள் நடுத்தரத்தை விடத் திறமையானவர்கள் என்றார்கள். எல்லோருக்குள்ளும் இருக்கும் நம்பிக்கை இது; உங்கள் கணவரிடம் மட்டும் உள்ள குறையாக இதைப் பேச வேண்டாம்.

கோபத்துக்கு வருவோம். பஸ் குறுக்கே வெட்டினால் 'வேணுமெண்டு செய்யிறான்' என்று தோன்றும். தான் வெட்டினால் 'அவசரம்' என்ற காரணம் கையில் இருக்கும். கண்ணாடிக்குள் இருப்பவருக்கு எதிராளியின் முகம் தெரிவதில்லை, அவருடைய களைப்பும் தெரிவதில்லை. இதோடு 'விமானம் தப்பிடும் அண்ணை' என்று பின்னால் இருந்து ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் பொறுமை இன்னும் சீக்கிரம் போய்விடும். ஆகவே கோபத்தைப் பாதையில் அடக்கச் சொல்வதை விட, புறப்படும் நேரத்தை மாற்றுவது பயன் தரும். பயணத்துக்கு ஆறு மணித்தியாலம், விமான நிலையத்தில் மூன்று, கைவசம் ஒன்று. விமானம் காலை 6 மணிக்கு என்றால் முதல்நாள் இரவு 8 மணிக்கு வான் கிளம்ப வேண்டும். ஹயர் பேசும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதையில் வாக்குவாதம் இல்லை.

வேகத்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று ஒரு நாள் தாளில் எழுதிக் காட்டுங்கள். கந்தளாயிலிருந்து ஹபரணை சுமார் 45 கிலோமீற்றர். 60இல் போனால் 45 நிமிடம், 80இல் போனால் 34. மிஞ்சுவது 11 நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை: சாரதி பிரேக்கை மிதிக்க ஒன்றரை செக்கன் என்று வைத்தால், காய்ந்த பாதையில் 60இல் வான் நிற்க ஏறக்குறைய 45 மீற்றர் வேண்டும், 80இல் 68 மீற்றர். லைட்டை டிம் பண்ணினால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதே ஏறக்குறைய 40, 50 மீற்றர்தான். அந்தக் காட்டு வழியில் யானையின் கருமை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது; அதன் கண்ணும் டிம் லைட் விழும் உயரத்துக்கு மேலே இருக்கும். மாடு போலக் கண் மினுங்குவதைப் பார்த்து நிறுத்தலாம் என்று நம்பக்கூடாது. யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல், லைட்டை விட்டு விட்டு அடிக்காமல், அது கடக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும்.

முந்துவதற்கும் இதே மாதிரிக் கணக்குண்டு. 60இல் ஓடும் பஸ்ஸை 80இல் முந்திப் பத்திரமாக உள்ளே வரப் பத்து செக்கன் தேவை. அதற்குள் வான் 220 மீற்றர் போய்விடும். எதிரே 70இல் வரும் வாகனம் 190 மீற்றருக்கு மேல் நெருங்கிவிடும். 400 மீற்றருக்கு மேல் தெளிவாகத் தெரிந்தால்தான் வெளியே எடுக்கலாம். இரவில் இரண்டு வெளிச்சப் புள்ளிகளை வைத்து வேகத்தைச் சரியாக மதிப்பிடுவது மனிதக் கண்ணுக்குக் கடினம். ஒற்றை லைட் மோட்டார் சைக்கிள் இருப்பதை விடத் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தருவது கோபமல்ல, திரும்பி வரும் பயணம். காலை 6 மணிக்கு எழுந்தவர் அதிகாலை 3 மணிக்கு வெறும் வானைத் திருப்பும்போது 21 மணித்தியாலம் விழித்திருக்கிறார். 17 மணித்தியாலம் விழித்திருந்தாலே செயல்திறன், 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் அல்ககோல் இருப்பவரின் அளவுக்கு இறங்கும் என்று 1997இல் வந்த ஆய்வு காட்டியது. 24 மணித்தியாலத்தில் அது 100 மில்லிகிராம் அளவு. நமது சட்ட எல்லை 80. உடல் இயல்பாகவே அதிகம் சோர்வது அதிகாலை 2 முதல் 6 வரை. பேச ஆளும் இல்லை, காலையில் பாடசாலை ஹயர் இருந்தால் அதற்கு ஓட வேண்டிய அவசரமும் சேரும். தூக்கக் குறைவு எரிச்சலையும் கூட்டும்; வீட்டில் அமைதியானவர் பாதையில் மாறுவதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

கண்ணாடியைத் திறப்பது, பாட்டைக் கூட்டுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான். உதவுவது நித்திரை. போகும் நாளில் பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் படுக்கட்டும். ஆட்களை இறக்கிவிட்டுப் பாதுகாப்பான தரிப்பிடத்தில் மூன்று மணித்தியாலமாவது தூங்கி, விடிந்தபின் வெளிக்கிடட்டும். அடுத்த நாள் காலை ஹயரை வேறொருவருக்கு மாற்றிவிட்டால்தான் இது நடக்கும். இடையில் கண் சொருகினால் ஒரு கடும் கோப்பி குடித்து உடனே 20 நிமிடம் படுக்கலாம்; கோப்பி வேலை செய்ய அரை மணித்தியாலம் எடுக்கும், எழும்பும்போது இரண்டும் சேரும். தடிமலுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) குளிசை நித்திரையை வரவைக்கும்; அன்று அது வேண்டவே வேண்டாம். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டுங்கள். நித்திரையில் மூச்சுத் தடைப்படுபவருக்கு எத்தனை மணித்தியாலம் படுத்தாலும் களைப்புத் தீராது.

பேசுவதற்கு நேரம் பாருங்கள். வானுக்குள்ளும் பேச வேண்டாம், களைத்து வந்து சாப்பிடும்போதும் வேண்டாம். ஓய்வான ஒரு நாளில், "பத்துக்கு எத்தனை பாதுகாப்பு எண்டு நினைக்கிறீங்கள் உங்கட இரவு ஓட்டம்?" என்று கேளுங்கள். ஆறு என்றால், "ஏன் எட்டு இல்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். காரணம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். பிறகு ஒரேயொரு தீர்மானம் போதும், அதுவும் 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில்: "முன்னால பஸ் ஒண்டு மெல்லப் போனா மூண்டு செக்கன் பின்னால நிப்பன்." முன் வாகனம் ஒரு மதகைக் கடந்ததும் 'இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று' என்று எண்ணி முடியுமுன் தான் அந்த மதகைத் தொட்டால் கிட்டப் போய்விட்டார் என்று அர்த்தம். 'கவனமாக ஓடுவேன்' என்ற வாக்குறுதி மறந்துபோகும்; இது மறக்காது.

கூடப் போவது உதவும், நீங்கள் பகலில் தூங்கியிருந்தால் மட்டும். ஓட்டும் முறையைத் திருத்த வேண்டாம். முந்தும்போது பேச்சை நிறுத்துங்கள். அடிக்கடி கண் சிமிட்டுவது, வான் இடப்பக்க ஓரக் கோட்டைத் தொடுவது, கடந்த சந்தி எது என்று கேட்டால் சொல்லத் தடுமாறுவது, இந்த மூன்றையும் கவனியுங்கள். ஒன்றைக் கண்டாலும் வெளிச்சமான கடையடியில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படி நிறுத்துவீர்கள் என்று வீட்டிலேயே இருவரும் பேசி ஒத்துக்கொண்ட பிறகு வானில் ஏறுங்கள்.