அசெம்பிளியில் சைன், டேன், அடுக்கு: கேள்வி பதில்

(எல்லாப் பதில்களும் 80387 என்ற கணிதத் துணைச் சிப்புக்குப் பிந்தைய இன்டெல் வகைச் சிப்புகளுக்கு.)

முத்தோரையிலிருந்து: சார், இங்கே உள்ள ரேடியோ தொலைநோக்கியை வைத்து ஒரு பயிற்சி போட்டேன். நீளம் 530 மீட்டர், மலைச்சரிவு சுமார் 11 டிகிரி. இரு முனைக்கும் உயர வித்தியாசம் -529.99 என்று வருகிறது. எஃப்சைன் கட்டளையில் கோளாறா?

கட்டளை சரிதான். 11-ஐ அது ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. 11 ரேடியனுக்குச் சைன் கிட்டத்தட்ட -1. எஃப்எல்டிபிஐ கொடுத்துப் பையை (π) ஏற்றி, 11-ஆல் பெருக்கி, 180-ஆல் வகுத்த பிறகு எஃப்சைன் கொடுங்கள். 0.19199 ரேடியன், சைன் 0.1908, விடை சுமார் 101 மீட்டர்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, லூப்புக்குள் எஃப்பிடான். விடை எப்பவும் 1. எட்டாவது சுற்றில் நேன் (எண்ணே இல்லை என்ற குறி) வந்து நிற்குது.

எஃப்பிடான் ஸ்டாக்கில் (சிப் எண்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் இடம்) டேனைப் போட்டுவிட்டு அதன் மேல் ஒரு 1.0-ஐயும் ஏற்றும். நீங்கள் எஃப்எஸ்டிபி கொடுத்து எடுப்பது அந்த 1-ஐத்தான். டேன் அடியிலேயே தங்கிவிடுகிறது. ஸ்டாக்கில் இருப்பது எட்டே இடம். ஏழு சுற்றில் ஏழு டேன் சேர்ந்துவிடும், எட்டாவது கோணம் கடைசி இடத்தையும் பிடிக்கும், 1-க்கு இடமில்லை. எஃப்பிடானுக்கு அடுத்த வரியிலேயே 'எஃப்எஸ்டிபி எஸ்டி0' போட்டு 1-ஐத் தள்ளிவிட்டு, பிறகு டேனை எடுங்கள்.

ஊட்டியிலிருந்து: காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிட வேண்டும். சூத்திரம் 44330 × (1 − (அழுத்தம்/1013.25)^0.1903). அடுக்குக்குக் கட்டளையே இல்லையே?

நேரடியாக இல்லை, இரண்டைச் சேர்த்துச் செய்யணும். முதலில் 0.1903, அதன் மேல் விகிதம் என்று ஏற்றி எஃப்ஒய்எல்2எக்ஸ் கொடுங்கள். மேலே உள்ள எண்ணின் 2-அடிமான மடக்கையை (லாக்) அது கீழே உள்ளதால் பெருக்கும். வரிசை மாறினால் பிழையே காட்டாமல் தப்பான எண் வரும். 772 ஹெக்டோபாஸ்கலுக்கு -0.07466 கிடைக்கும். அடுத்து எஃப்2எக்ஸ்எம்1. இது 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தே தரும். பலர் உடனே 1-ஐக் கூட்டிவிட்டு, சூத்திரத்துக்காக மறுபடி 1-லிருந்து கழிக்கிறார்கள். வீண் வேலை, அழுத்தம் 1013-ஐ நெருங்கும்போது கடைசி இலக்கங்களும் போய்விடும். எஃப்சிஎச்எஸ் கொடுத்துக் குறியை மாற்றி 44330-ஆல் பெருக்குங்கள், 2236 மீட்டர் வரும். ஒரே நிபந்தனை: எஃப்2எக்ஸ்எம்1-க்குப் போகும் எண் -1-க்கும் 1-க்கும் இடையில் இருக்கணும். உங்கள் கணக்கில் அது தாண்டாது. பொதுவான அடுக்கு என்றால் எஃப்ஆர்என்டிஇன்ட் வைத்து முழுப் பகுதியைப் பிரித்து, கடைசியில் எஃப்ஸ்கேல் மூலம் சேர்க்க வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து: சூரியனின் உயரக் கோணத்துக்கு எஃப்சைன் துல்லியம் போதுமா?

தாராளமாக. சிக்கல் பையின் மடங்குகளுக்கு வெகு அருகில்தான், ஏனென்றால் சிப்புக்குள் இருக்கும் பை 66 பிட் மட்டுமே. டபுள் (64 பிட் எண்) அளவில் பையையே கொடுத்தால் 1.22461 × 10^-16 வரும், வரவேண்டியது 1.22465 × 10^-16.

கூடலூரிலிருந்து: எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டரில் (பிந்தைய சிப்புகளில் தசம எண்களுக்கான தனி இடம்) சைன் கட்டளை தேடிக் களைத்துவிட்டேன். 64-பிட் லினக்ஸில் சி நூலகத்தை அழைத்தால் சில நேரம் ஓடுது, சில நேரம் செக்மென்டேஷன் ஃபால்ட்.

அங்கே வர்க்கமூலம் உண்டு, சைன் கிடையாது. நூலகத்தை அழைப்பதுதான் சரி. கோணம் எக்ஸ்எம்எம்0-இல் போகும், விடையும் அதிலேயே வரும். 'கால்' கொடுக்கும் நேரத்தில் ஆர்எஸ்பி (நினைவக ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் ரெஜிஸ்டர்) 16-இன் மடங்காக இருக்கணும், இல்லையென்றால்தான் அந்த ஃபால்ட் வரலாம். மெயினுக்குள் நுழையும்போதே 8 தள்ளித்தான் இருக்கும், அதனால் ஆர்எஸ்பியில் 8 கழித்துவிட்டு அழையுங்கள். திரும்பும் முன் 8 கூட்டுங்கள். விடையை பிரின்ட்எஃபுக்குக் கொடுத்தால் ஏஎல் ரெஜிஸ்டரில் 1 வையுங்கள், எக்ஸ்எம்எம்-இல் ஒரு எண் போகிறது என்று அது சொல்லும்.