கணக்குத் தீர்க்கும் நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டுக் கடல் வாழ்க்கையைப் பற்றி எதைப் படித்தாலும் கொள்ளையர்களும் தளபதிகளுமே முன்னால் வந்து நிற்கிறார்கள். ஆங்கிலேய வணிகக் கப்பல்களில் பாய்க்கயிறு இழுத்துப் பிழைத்த சாதாரண மாலுமி எதற்கு அதிகம் அஞ்சினான், புயலுக்கா, கொள்ளையருக்கா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுக்கும் அஞ்சினான். ஆனால் கரை சேர்ந்தபின் சம்பளக் கணக்குத் தீர்க்கும் நாளைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இதற்குச் சாட்சி எட்வர்ட் பார்லோ. மான்செஸ்டருக்கு அருகே பிரெஸ்ட்விச்சில் 1642இல் ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். 1659இல் தொழில் பழகக் கப்பலேறி, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழித்தவர். 1672இல் டச்சுக்காரர்களிடம் பிடிபட்டு பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கைதியாக இருந்தபோது, தன் கதையைத் தானே படங்கள் வரைந்து எழுதத் தொடங்கினார். கடைநிலை மாலுமியாகத் தொடங்கிய ஒருவர் தன் கைப்பட எழுதிய பதிவு அந்தக் காலத்திலிருந்து கிடைப்பது மிக அரிது. அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாலே பெரிது. அதற்குள் பாய் சுருட்டக் கூப்பிடுவார்கள், ஒரு காலில் மட்டும் செருப்போடு அரைத்தூக்கத்தில் மேல்தளத்துக்கு ஓட வேண்டும் என்று எழுதுகிறார்.

அப்படி உழைத்த கூலியும் உறுதியில்லை. சரக்கை ஏற்றிச் சென்றதற்குக் கிடைக்கும் கட்டணமே சம்பளத்தின் தாய் என்பது அக்காலக் கடல் சட்டத்தின் அடிப்படை. கப்பல் மூழ்கினாலோ எதிரியிடம் சிக்கினாலோ கப்பல் முதலாளிக்குக் கட்டணம் கிடைக்காது, ஆகவே உயிர் தப்பி வந்தவனுக்கும் சம்பளம் கிடையாது. கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்தாலும், சரக்கு நனைந்தோ கெட்டோ போயிருந்தால் அதன் விலையை மாலுமிகளின் கூலியிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஓட்டைக் கப்பலைக் கடலுக்கு அனுப்பியவர் முதலாளி. இழப்பைச் சுமந்தவர்கள் இரவெல்லாம் நீர் இறைத்தவர்கள். பார்லோ இதை மனம் கொதித்து எழுதியதில் வியப்பில்லை. எனக்கும் அந்தப் பக்கங்களை ஆறுதலாகப் படிக்க முடிவதில்லை.

போர் வந்தால் நிலைமை இன்னும் மோசம். வணிகக் கப்பல்கள் போர்க்காலத்தில் கூடுதலாகக் கொடுத்தன. கடற்படையோ 1653இல் விதித்த மாதம் 24 ஷில்லிங்கிலேயே நின்றது. ஆகவே நெடும்பயணம் முடிந்து வீட்டை நெருங்கும் வணிகக் கப்பலில் ஏறி ஆட்களைக் கட்டாயமாகப் பிடித்துச் செல்வார்கள். கடற்படையிலும் பணத்துக்குப் பதிலாக, பிறகு தருவதாக எழுதிய சம்பளச் சீட்டுத்தான்; வயிற்றுப்பாட்டுக்கு அதைக் குறைந்த விலைக்கு விற்றார்கள்.

1667 ஜூனில் டச்சுக் கடற்படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்தபோது, அந்தக் கப்பல்களில் ஆங்கிலேய மாலுமிகளும் இருந்தார்கள். முன்பு சீட்டுக்குச் சண்டையிட்டோம், இப்போது வெள்ளிக் காசுக்குச் சண்டையிடுகிறோம் என்று அவர்கள் தங்கள் மொழியிலேயே கூவியதாகக் கடற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்று டச்சுக்காரர்கள் இழுத்துச் சென்ற ராயல் சார்லஸ், பார்லோ 1659இல் தொழில் பழக ஏறிய கப்பல்தான். அப்போது அதன் பெயர் நேஸ்பி.