மெய்நிகர் அலுவலகம்: கமராவை மூடுங்கள், மைக்கை விடாதீர்கள்

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் வீட்டில் இருந்தபடி மெல்பேர்ன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை செய்கிறேன். இப்போது எல்லாரும் வேலை நேரம் முழுக்க ‘கேதர்’ என்ற மெய்நிகர் அலுவலகத்தில் இருக்கவேண்டும் என்கிறார்கள். என்னிடம் இருப்பது 4ஜி ரவுட்டர். மாதம் பாதியிலேயே டேட்டா முடிகிறது, என் குரலும் வெட்டி வெட்டிப் போகிறதாம். என்ன செய்யலாம்?

பதில்: இதற்காக வேலையை விட நினைக்காதீர்கள். கேதர் போன்றவற்றில் திரையில் ஓர் அலுவலக வரைபடம் இருக்கும், அதில் உங்கள் சின்ன உருவம் நடக்கும். யாருக்காவது கிட்டப் போனால் குரலும் வீடியோவும் தானாகத் திறக்கும், விலகினால் மூடிக்கொள்ளும். கூட்டம் ஒழுங்கு செய்யாமலே போய் ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிட்டு வரலாம். தனியாக வீட்டில் இருந்து வேலை செய்பவருக்கு அது பெரிய உதவி.

டேட்டாவைத் தின்பது அந்த வரைபடம் இல்லை, வீடியோதான். குரலுக்கு நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். மணிக்கு ஏறக்குறைய 30 எம்பி. சுமாரான வீடியோ ஒன்றுக்கு 600 கிலோபிட் என்று வைத்தால் மணிக்கு 270 எம்பி. அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். ஐந்து பேருக்கு நடுவில் உங்கள் உருவத்தை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போனால், ஐந்து வீடியோவும் வந்துகொண்டே இருக்கும்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். உங்கள் கமராவை மூடினால் நீங்கள் அனுப்புவது மட்டுமே குறையும். குரல் வெட்டுவதற்கு அது நல்ல மருந்து, ஏனென்றால் 4ஜியில் பெரும்பாலும் தடுமாறுவது அப்லோட்தான். வேகத்தைச் சோதிக்கும்போது டவுன்லோட் எண்ணைப் பார்த்துச் சந்தோசப்படாமல் அப்லோட் எண்ணையும் பாருங்கள். டேட்டா மிச்சமாக வேண்டுமென்றால் மற்றவர்களின் வீடியோவும் வரக்கூடாது. பேச்சு முடிந்ததும் உங்கள் மேசைக்கு, ஆட்கள் இல்லாத மூலைக்குத் திரும்பிவிடுங்கள்.

மெல்பேர்னில் காலை 9 மணி என்றால் நமக்கு அதிகாலை 4.30. ஒக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை அங்கே கோடைகால நேரம் என்பதால் 3.30. சேவல் கூவ முன்னமே ஒஃபீஸ்! ஆனால் அதில் ஒரு லாபம் உண்டு. இலங்கையில் பல வீட்டு இணையப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை தனி இரவு டேட்டா தருகிறார்கள். உங்கள் பொதியில் அது எத்தனை மணிவரை என்று பாருங்கள். கமராவோடு நடக்கும் கூட்டம், பெரிய ஃபைல்கள், விண்டோஸ் அப்டேட் எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிட்டு, விடிந்தபின் குரல் மட்டும்.

அப்புறம் ரவுட்டர். தகரக் கூரைக்கு நேர் கீழே வைத்திருந்தால் சிக்னலைத் தகரமே மறித்துவிடும். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றுங்கள். பின்பக்கம் திருகும் முனைகள் இருந்தால் வெளி அன்ரனா பூட்டலாம். மடிக்கணினிக்கு வைஃபையை விட லான் கேபிள் நல்லது. மாரியில் மரம் முறிந்து விழுந்து கரண்ட் போனாலும் மடிக்கணினியில் பட்டரி இருக்கும், ரவுட்டர்தான் செத்துவிடும். அதற்கென்று சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனால் பட்டரியில் ஓடவைக்கும் பெட்டி) விற்கிறார்கள். வாங்கமுன் ரவுட்டர் அடாப்டரில் ‘அவுட்புட்’ என்ற இடத்தில் உள்ள வோல்ட், அம்பியர் எண்களைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வோல்ட் கூடினால் ரவுட்டர் எரியக்கூடும், குறைந்தால் ஒழுங்காக ஓடாது. அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் ஃபோனில் இருக்கட்டும்.

கதிரையில் உருவம் இருந்தால் வேலை நடக்கிறது என்று நம்பும் மனேஜர்கள் உண்டு. எனக்கு அது முட்டாள்தனமாகத்தான் படுகிறது. ஆனாலும் அவர்களிடம் ‘லைன் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் சாட்டுப்போல இருக்கும். இப்படி எழுதுங்கள்: “நாள் முழுக்க வீடியோ என்றால் எனக்கு 4 ஜீபிக்கு மேல் போகிறது. காலைக் கூட்டத்துக்குக் கமராவோடு வருவேன், மற்ற நேரம் குரலில் இருப்பேன். இணைப்பு அறுந்தால் 10 நிமிடத்துக்குள் மற்ற சிம்மில் வந்துவிடுவேன்.”