மாதவிடாய் நின்றபின் அம்மாவுக்கு பிரஷர் ஏன் வந்தது?

கேட்டிருப்பது இதுதான்: பாம்பன் பக்கம், அம்மாவுக்கு 54 வயது, மாதவிடாய் நின்று இரண்டு வருடம், ஒல்லியான உடம்பு, கடற்பாசி எடுக்கப் போகிறவர். அவருக்கு எப்படி பிரஷர்?

ஒல்லியாக இருந்தாலும் வரும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தக் குழாய்களை இளக்கமாக வைத்திருக்கும். மாதவிடாய் நின்று அது குறைந்ததும் குழாய்கள் விறைக்கும், சாப்பிடும் உப்பும் முன்பைவிட அதிகமாகப் பிரஷரை ஏற்றும்.

நம் கரையில் உப்புதான் பெரிய வில்லன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினாலும் உப்பு முழுசாகப் போகாது. அதே குழம்பில் திரும்பவும் கல் உப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் வேறு!

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: கர்ப்பகாலத்தில் பிரஷர் இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இருந்திருந்தால் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு கூடுதல். குடும்ப வழி, சர்க்கரை, தொப்பை எல்லாம் தெரிந்ததே. முட்டி வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும்.

ஐந்து நிமிடம் உட்கார வைத்து, வேறு வேறு நாட்களில் அளந்து பாருங்கள். திரும்பத் திரும்ப 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்; மாத்திரை அங்கே இலவசம்.