எலும்புத்தூள் தின்ற பாங்க்சியா

கேள்வி: லண்டன் புறநகரில் வசிக்கிறேன். தொட்டியில் வளர்த்து விற்கலாம் என்று பாங்க்சியா எரிசிஃபோலியா கன்றுகள் வாங்கி, எலும்புத்தூளும், வேரோடு கூடிச் சத்து இழுத்துத் தரும் என்ற வேர்ப்பூசணப் பொடியும் கலந்து நட்டு, பிளாஸ்டிக் குடிலில் வைத்தேன். குருத்து மஞ்சளாகிறது, இலைநுனி கருகுகிறது. என்ன உரம் கொடுத்தால் தேறும்?

பதில்: எந்த உரமும் வேண்டாம் அம்மா. போட்ட உரம்தான் வியாதியே.

இது சிட்னிப் பக்கத்து மணற்கல் பூமியில் வளரும் புதர். அங்கே மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகமிகக் குறைவு. அதனால் மேல்மண்ணை ஒட்டி, சருகுக்கு அடியில், பிரஷ்போல நெருக்கமாகச் சல்லிவேர் விடும். அந்த வேர் அமிலம் கசிந்து, மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்து இழுக்கும். போதும் என்று நிறுத்தத் தெரியாது. எலும்புத்தூளோ மணிச்சத்தும் சுண்ணாம்பும்தான். மணிச்சத்து இலையில் சேரச் சேர இரும்புச்சத்து வேலை செய்யாது, குருத்து வெளுக்கும்.

வேர்ப்பூசணப் பொடி தண்டச் செலவு. பாங்க்சியா சேர்ந்த புரோட்டியா குடும்பச் செடிகள் அந்தப் பூசணத்தோடு கூட்டுச் சேர்வதே அபூர்வம். ரோஜாவுக்கும் தக்காளிக்கும் சொல்வதையே கடைக்காரர் இதற்கும் சொல்லியிருப்பார். அவருக்கு மூட்டை நகர்ந்தால் சரி. இனி உரப்பையில் மூன்று எண்களில் நடு எண்ணைப் பாருங்கள், அதுதான் மணிச்சத்து. ஒன்றைத் தாண்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போதைக்கு, வேரைக் கிழிக்காமல் பழைய கலவையை உதிர்த்துவிட்டு, உரம் கலக்காத பைன் பட்டையும் பருமணலும் சேர்த்து மாற்றி நடுங்கள். லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகம், மழைநீர் ஊற்றுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்டிருக்க வேண்டியது குடிலைப் பற்றி. கேப்டன் குக்கின் கப்பலில் போன தாவரவியலாளர்கள் பாங்க்ஸும் சோலாண்டரும் 1770-இல் சிட்னிப் பக்கத்துப் பாட்டனி விரிகுடாவில் சேகரித்த செடி இது. 1788 வாக்கில் இங்கிலாந்துக்கு வந்தது. இந்தக் குடும்பச் செடிகள் மேல் பணக்காரர்களுக்கு அப்படி ஒரு மோகம். லண்டன் கிளாப்பமில் ஜார்ஜ் ஹிப்பர்ட் என்ற பணக்கார வணிகரின் தோட்டக்காரர் ஜோசப் நைட், இவற்றை வளர்ப்பது பற்றி 1809-இல் புத்தகமே போட்டார். அன்றைய கண்ணாடி வீடுகளில் அடுப்புச் சூடு, வறண்ட காற்று. பிறகு ஆர்க்கிட் மோகமும் வெந்நீர்க் குழாயும் வந்தன. அந்த ஈரக்காற்றில் இவை தாக்குப்பிடிக்கவில்லை. உங்கள் குடிலில் காலையில் கூரை சொட்டுகிறதா? அப்படியானால் பகலில் இரு பக்கமும் திறந்துவிடுங்கள். லேசான உறைபனியை இது தாங்கும்.

கருகிய நுனியைக் கவாத்து செய்தால் பச்சை இலை இருக்கும் இடத்தோடு நிறுத்துங்கள். வெட்டினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்க வைக்கும் அடிக்கிழங்கு இந்த இனத்துக்கு இல்லை. மொட்டைக் கட்டையில் வெட்டினால் துளிர்க்காது.