அமெரிக்க மோட்டாரின் இடத்தில் நம் மோட்டார் பொருந்துமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் உள்ள அமெரிக்க இயந்திரம் ஒன்றில் 10 எச்.பி., 4 போல் (நான்கு காந்தத் துருவங்கள்), ‘215டி’ ஃபிரேம் மோட்டாரின் வைண்டிங் எரிந்துவிட்டது. அந்த இடத்தில் இங்கே கிடைக்கும் 7.5 கிலோவாட், ‘132எம்’ மோட்டாரைப் பொருத்தலாமா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: பொருத்தலாம். ஆனால் எச்.பி.யும் போல்ட் துளைகளும் ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் நம்பி ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்.

நம் நாட்டு மோட்டார்கள் ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் அளவுகளைப் பின்பற்றுகின்றன. அமெரிக்க மோட்டார்கள் நெமா எனப்படும் அந்நாட்டு மின்சாதன உற்பத்தியாளர் சங்கத்தின் எம்.ஜி. 1 தரத்தைப் பின்பற்றுகின்றன. ஐ.இ.சி. முறையில், மோட்டாரின் பாதத்திலிருந்து ஷாஃப்ட்டின் மையம் வரையுள்ள உயரமே மில்லிமீட்டரில் ஃபிரேம் எண்ணாக அமைகிறது. நெமா முறையில் மூன்றிலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 4ஆல் வகுத்தால் அந்த உயரம் அங்குலத்தில் கிடைக்கும். ஆகவே 215டி என்பது 5.25 அங்குலம், அதாவது 133.35 மி.மீ. உயரமுள்ள மோட்டார்.

பாதத் துளைகளின் இடைவெளி நெமா 215டியில் அகலவாக்கில் 215.9 மி.மீ., நீளவாக்கில் 177.8 மி.மீ.; 132எம் மோட்டாரில் 216, 178. ஒரே போல்ட்டுகள் இறங்கிவிடும். உயரத்தில் குறையும் ஏறத்தாழ 1.35 மில்லிமீட்டரைப் பாதங்களின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்து, அதன்பின் அலைன்மென்ட், அதாவது இரு ஷாஃப்ட்டுகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். நல்லவேளையாக உங்களுக்கு வேண்டியது மோட்டாரை உயர்த்துவது. 132 இருந்த இடத்தில் 215டி வைக்க நேர்ந்தால் அதைத் தாழ்த்துவதற்கு பேஸ் பிளேட்டையே கடைய வேண்டியிருக்கும்.

சிக்கல் ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது. அமெரிக்க ஷாஃப்ட்டின் விட்டம் 34.93 மி.மீ., நம்முடையது 38 மி.மீ.; ஷாஃப்ட்டையும் கப்ளிங்கையும் பூட்டும் கீயின் அகலமும் அங்கே சுமார் 8, இங்கே 10. பழைய கப்ளிங்கை (மோட்டாரையும் இயந்திரத்தையும் இணைக்கும் பாகத்தை) காப்பாற்றுவதற்காகப் புது மோட்டாரின் ஷாஃப்ட்டை லேத்தில் கடைந்து இளைக்கச் செய்யும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்: ஷாஃப்ட்டின் வலிமை குறையும், கீ வழியின் ஆழமும் போதாமல் போகும். கப்ளிங்கில் போதிய உலோகம் இருந்தால் அதன் துளையை 38க்குப் பெரிதாக்குங்கள். இல்லையெனில் புதிய கப்ளிங் வாங்குவதே சரி. பாதத்துக்குப் பதில் முகப்பில் போல்ட் போட்டுப் பொருத்தும் ஃபிளாஞ்ச் மோட்டாராக இருந்தால் இந்தப் பொருத்தமும் கிடையாது: நெமாவின் ‘சி-ஃபேஸ்’ முகப்பில் போல்ட் வட்டம் 184 மி.மீ., 132 ஃபிரேமின் வழக்கமான பெரிய ஃபிளாஞ்சில் 265 மி.மீ.

இன்னொன்றையும் பழைய நேம் பிளேட்டில் பாருங்கள். ‘சர்வீஸ் ஃபாக்டர் 1.15’ என்று இருந்தால், அந்த மோட்டார் 11.5 எச்.பி., அதாவது சுமார் 8.6 கிலோவாட் வரை சுமை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐ.இ.சி. மோட்டாரில் பொதுவாக அப்படிப்பட்ட கூடுதல் இடம் கிடையாது, 7.5 என்றால் 7.5தான். இயந்திரம் அந்தக் கூடுதலில் ஓடிவந்திருந்தால் புது மோட்டார் விரைவில் சூடேறும். 11 கிலோவாட்டுக்குப் போகலாமென்றால், 4 போலில் அது 160 ஃபிரேம், துளைகள் பொருந்தா. எனவே இயந்திரத்துக்கு உண்மையில் எவ்வளவு திறன் தேவை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை நம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக ஓட்டலாமா?

பதில்: வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். அங்கே 7.67, இங்கே 8.3; இரும்பு மையத்தில் காந்தப்பாயம் சுமார் 8 விழுக்காடு கூடும், வெற்றோட்டத்திலேயே கரன்ட்டும் சூடும் ஏறும். வேகம் 1,760இலிருந்து 1,460 அளவுக்கு இறங்குவதால் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றும். முழுச் சுமை ஏற்றாமல், ஆறில் ஐந்து பங்கு எச்.பி.க்கு மேல் எதிர்பார்க்காமல் இருந்தால் பல மோட்டார்கள் தாங்கும். ஆனாலும் உற்பத்தியாளரின் ஒப்புதல் இல்லாமல் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பம்ப்பை ஓட்டுகிறீர்கள் என்றால் நீரளவு 83 விழுக்காடாகவும், ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) 69 விழுக்காடாகவும் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வழக்கமான 230/460 வோல்ட் மோட்டாரில் 9 லீடுகள் (இணைப்புக் கம்பிகள்) தான் வெளியே வரும். உள்ளே ஒரு ஸ்டார் முனை (மூன்று வைண்டிங்குகள் சேரும் இடம்) நிரந்தரமாக இணைக்கப்பட்டுவிட்டதால் நம் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை இதற்குப் பயன்படுத்த முடியாது.

கேள்வி: அமெரிக்க ‘நெமா பிரீமியம்’ 10 எச்.பி. மோட்டாரின் எஃபிஷியன்சி 91.7 விழுக்காடு, நம் ஐ.இ.3 (ஐ.இ.சி.யின் எஃபிஷியன்சி வகுப்பு) மோட்டாருக்கு 90.4 என்கிறார்கள். அமெரிக்க மோட்டார்தான் உயர்ந்ததா?

பதில்: இல்லை, இரண்டும் ஒரே தரம். அதே டார்க்கில் 60 ஹெர்ட்ஸ் மோட்டார் வேகமாகச் சுற்றி அதிகத் திறனைத் தருகிறது, செப்பு இழப்போ ஏறத்தாழ மாறுவதில்லை. அதனால் அதன் விழுக்காடு இயல்பாகவே கூடுகிறது. ஐ.இ.சி. 60034-30-1 தரம் இரு அதிர்வெண்களுக்கும் தனித்தனி அட்டவணை தருகிறது. அதில் 60 ஹெர்ட்ஸுக்கு 7.5 கிலோவாட், 4 போல் ஐ.இ.3 மோட்டாரின் அளவும் 91.7தான்.