வாடகையா, லீஸா: ஒன்பது லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். வாடகைக்கு என்றால் மாதம் 18,000, பத்து மாத அட்வான்ஸ் 1,80,000. அதே வீட்டை லீஸுக்கு எடுத்தால் 9 லட்சம், மூன்று வருடம், வாடகையே கிடையாது என்கிறார் ஓனர். ஊரில் நிலம் விற்றதில் என் பங்காக வந்த 10 லட்சம் வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டில் இருக்கிறது. சம்பளம் மாதம் 62,000. மனைவி, நான்கு வயது மகள். லீஸ்தான் லாபம் என்று புரோக்கர் ஒற்றைக்காலில் நிற்கிறார். எதை எடுப்பது?

பதில்: கணக்கு மட்டும் போட்டால் புரோக்கர் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கணக்கை ஓனர் பக்கத்திலிருந்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

முதலில் உங்கள் பக்கம். டெபாசிட்டுக்கு 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்குப் போனால் வருடத்துக்கு 2,16,000 வாடகை. அட்வான்ஸாக முடங்கும் 1,80,000-க்கு வர வேண்டிய வட்டி 11,700 போச்சு. அட்வான்ஸ் திரும்ப வரும் பணம்தானே என்று பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மாதம் 975 ரூபாய் கூடுதல் வாடகை அது. மொத்தம் 2,27,700. லீஸ் என்றால் காலி செய்யும்போது 9 லட்சமும் திரும்ப வரும், அதற்கான வட்டி 58,500 மட்டும்தான் இழப்பு. வித்தியாசம் வருடத்துக்கு 1,69,200. மூன்று வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் மிச்சம்.

இப்போது ஓனர் பக்கம். அட்வான்ஸ் எப்படியும் அவர் கைக்கு வரும். அதற்கு மேல் உங்களிடமிருந்து அவருக்குக் கிடைப்பது 7,20,000. அதற்காக வருடம் 2,16,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அதாவது 30 சதவீத வட்டி! சொந்த வீட்டின் பத்திரத்தை வைத்தால் வங்கியில் இதில் பாதி வட்டிக்கும் குறைவாகக் கடன் கிடைக்கும். அதை விட்டுவிட்டு ஏன் உங்களிடம் வருகிறார்?

நல்ல காரணமும் இருக்கலாம். வயதானவர், வருமானச் சான்று இல்லை, மகள் கல்யாணம், வங்கிக்கு அலைய முடியாது. ஆனால் இரண்டு மோசமான காரணங்களும் உண்டு. ஒன்று, வீடு ஏற்கெனவே வங்கியில் இருக்கிறது, மேற்கொண்டு யாரும் கடன் தர மாட்டார்கள். இன்னொன்று, இப்போது குடியிருப்பவரும் லீஸ்காரர், அவருக்குத் திருப்பித் தர வேண்டிய பணம்தான் உங்கள் 9 லட்சம். இந்த இரண்டாவது நம் ஊரில் சர்வசாதாரணம். அப்படியானால் மூன்று வருடம் கழித்து உங்கள் பணம் வருவதும் அடுத்த ஆள் கிடைப்பதைப் பொறுத்ததுதான். ஆள் கிடைக்காவிட்டால் நீங்கள் வீட்டைக் காலி செய்யவும் முடியாது, மகளை வேறு பள்ளியில் சேர்க்க நினைத்தாலும் நகரவும் முடியாது.

மதுரைப் பக்கம் ஒத்தி, வேறு பல ஊர்களில் போக்கியம், சென்னையில் லீஸ். பெயர் எதுவானாலும் நீங்கள் இங்கே குடித்தனக்காரர் மட்டுமில்லை, கடன் கொடுப்பவரும்கூட. 9 லட்சம் கடன் கொடுக்கிற வங்கி மேலாளர் என்னவெல்லாம் கேட்பாரோ, அதையெல்லாம் நீங்களும் கேட்க வேண்டும். கூச்சப்படாதீர்கள்.

வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் எடுங்கள், ஓனர் தரும் ஜெராக்ஸ் வேண்டாம். முப்பது வருடத்துக்காவது பாருங்கள். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். தனியாரிடம் கைமாற்றாகப் பத்திரத்தைக் கொடுத்திருந்தால் தெரியாது. அதனால் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். "லாக்கரில் இருக்கிறது, சாவி தம்பியிடம்" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். வீட்டின் மேல் முன்பே வங்கிக் கடன் இருந்து, ஓனர் தவணை கட்டத் தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வழக்கு போடாமலேயே வங்கி வீட்டைக் கையகப்படுத்த முடியும். வங்கிக்குத் தெரியாமல் பின்னால் வந்த லீஸ்காரருக்கு அப்போது கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு.

அப்புறம், பேசுகிறவர் உண்மையிலேயே ஓனர்தானா? வீட்டை வாடகைக்கு எடுத்த இடைத்தரகர் அதையே இன்னொருவருக்கு லீஸுக்கு விட்டுப் பணத்தோடு காணாமல் போன கதைகள் சென்னையில் நிறைய. சொத்து வரி ரசீது, மின் இணைப்பு, பத்திரம் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் அந்தப் பெயருள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக டெபாசிட் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. "பாதி கேஷா கொடுங்க" என்றால் அதைச் சொல்லியே மறுத்துவிடலாம்.

இதையெல்லாம்விட முக்கியம் பதிவு. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்று புரோக்கர் சொல்வார். போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். போக்கியம் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு வகை அடமானம், அதற்கும் பதிவு கட்டாயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் போக்கியப் பத்திரமாகவே பதிந்தால் உங்கள் பணம் அந்த வீட்டின் மேல் நிற்கும், வில்லங்கத்திலும் ஏறும். நாளை அவர் வீட்டை விற்றாலும் வாங்குபவர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கியோடுதான் வாங்க வேண்டும். பதிவில்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு 9 லட்சத்துக்கு நீதிமன்றத்தில் அலைவது வேறு கதை.

சரி, என் முடிவு இதுதான். வில்லங்கம் சுத்தமாக இருந்து, மூலப் பத்திரத்தைக் காட்டி, போக்கியமாகப் பதிந்து தரவும் ஓனர் சம்மதித்தால் லீஸ் எடுங்கள். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் யார் செலவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். முழுவதும் நீங்களே கட்டினாலும் ஐந்து லட்ச மிச்சத்தில் அது வலிக்காது. பதிவுக்கு அவர் தயங்கினால் லீஸை மறந்துவிடுங்கள். உங்களிடம் இருப்பதே 10 லட்சம்தான். அதில் ஒன்பதை ஒரே மனிதரின் வார்த்தையை நம்பி வைக்கக் கூடாது. "3 லட்சம் கொடுங்க, வாடகை 12,000 ஆக்கிக்கலாம்" என்று நடுவழி ஒன்று வரும். அதிலும் இதே ஆபத்துதான், அளவு மட்டும் குறைவு.

வாடகைக்கே போவதானால் பத்து மாத அட்வான்ஸில் பேரம் பேசுங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "ஒழிய" என்ற சொல்லில்தான் சென்னையின் பத்து மாதப் பழக்கம் உயிரோடு இருக்கிறது. மூன்றில் ஆரம்பியுங்கள், ஐந்தில் வந்து நிற்கும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிந்து எண் வாங்குங்கள். தகராறு என்று வரும்போது அந்த எண் கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது இரண்டு மாத வாடகையைப் பெயிண்டிங் என்று கழித்தார்கள். அடுத்து வந்தவர் குடியேறிய அன்று எட்டிப் பார்த்தேன், சுவரில் என் மகன் கிறுக்கிய யானை அப்படியே இருந்தது! எவ்வளவு கழிப்பார்கள் என்பதைத் தொகையாகவே எழுதி வாங்குங்கள். குடியேறும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா, இல்லை யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனருக்குக் கட்டுவதா என்று கேளுங்கள். தனி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும். வேளச்சேரி என்பதால் இன்னொன்று: மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் வேண்டாம்.

வீட்டு வாடகைப் படிக்கான வரிச்சலுகை லீஸில் போய்விடுமே என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். உங்கள் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வரியே வராது.

இந்த வாரம் வில்லங்கச் சான்றிதழை எடுங்கள். அதைப் பார்க்கும்வரை டோக்கன் அட்வான்ஸ் என்று ஆயிரம் ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.